லைப்ரரியக்காவின் இன்னொரு நோட்டு

தேவிபட்டினத்தில் நாங்கள் எல்லோரும் 'லைப்ரரியக்கா' என்று கூப்பிட்ட எங்கள் நூலகர் திடீரென்று இறந்துபோனார். ஓய்வு பெற இன்னும் வருடங்கள் இருந்தன. முதல்நாள் சாயங்காலம் வழக்கம்போல நூலகத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். விடிகிற நேரத்தில் நெஞ்சை அடைக்கிறது என்றாராம். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கருமாதியும் ஆகிவிட்டது. வீட்டார் இன்னும் துக்கத்திலிருந்து எழவில்லை என்பதால் அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு லைப்ரரி டீச்சர், கடற்கரைப் பெரியவர்களுக்குத் தாயி, மற்ற எல்லோருக்கும் லைப்ரரியக்கா.

அன்றிலிருந்து எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி எழுதாதவர் இல்லை. துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் எழுதுகிறார்கள். 'தெய்வப் பிறவி', 'இனி இப்படி ஒருத்தர் பிறந்துதான் வரணும்' என்கிறார்கள். அழுதுகொண்டே எழுதியவை அவை, குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனாலும் படிக்கப் படிக்க ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அக்கா செய்தது ஒரு வேலை. சட்டப்படி ஏற்பட்ட அரசு வேலை. அதற்கான படிப்பைப் படித்து, ஊர்ப்புற நூலகராகச் சொற்பச் சம்பளத்தில் சேர்ந்து, பிறகு மூன்றாம் நிலை நூலகராக உயர்ந்து, அந்த வேலையின் நெளிவு சுளிவுகளை வருடக்கணக்காகக் கற்றுக்கொண்டு செய்தார். அவரைத் தெய்வமாக்கிவிட்டால் அடுத்து வருகிறவரிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது, நாமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று நினைவில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் நவபாஷாணம். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்கள், ராமர் நவக்கிரகங்களை வழிபட்ட இடம் என்ற ஐதீகம், ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டம். வேனில் வந்து இறங்கி, கடலில் முழுகி, கற்களைச் சுற்றிவந்து, ராமேஸ்வரத்துக்கோ உத்தரகோசமங்கைக்கோ கிளம்பிவிடுவார்கள். அவர்கள் பார்க்காத ஊர் ஒன்று உள்ளே இருக்கிறது. பள்ளிவாசல் தெருக்கள், கடற்கரைக் குடியிருப்புகள், நண்டும் இறாலும் எடைபோடும் கொட்டகைகள், பாசி எடுக்கப் போகிற பெண்கள், வெளிநாட்டில் இருக்கும் ஆண்களின் பணத்துக்காக வங்கியில் வரிசையில் நிற்கும் அம்மாக்கள். அக்காவின் வாசகர்கள் இவர்கள்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டு வரி ரசீதுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அக்காவை எனக்குப் புரியவைத்தது அதுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் எல்லாம் கரையில் இருப்பார்கள். ஒரு தடைக்காலத்தில் வயதான ஒருவர் நூலக வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பதும் போவதுமாக இருந்தார். செருப்பை எங்கே விடுவது, உள்ளே வரலாமா என்ற தயக்கம். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன், உள்ளே உட்கார்ந்து தினத்தந்தி புரட்டிக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து வாசலுக்குப் போனார்.

"வாங்கய்யா, உள்ள வாங்க."

"இல்ல தாயி, சும்மாதான். நமக்கு இங்க என்ன இருக்கு. படிச்சவுக வர்ற எடம்."

"அய்யா, வீட்டு வரி கட்டுறீங்கள்ல?"

"கட்டுறோம். பஞ்சாயத்துல வந்து வாங்கிட்டுப் போறாகளே."

"அந்த ரசீத எடுத்துப் பாருங்க. நூலக வரின்னு தனியா போட்டிருக்கும். ரூபாய்க்குப் பத்துப் பைசா. இந்த பேன், இந்த நாற்காலி, என் சம்பளம், எல்லாத்துலயும் உங்க காசு இருக்கு. உங்க எடத்துக்கு வர நீங்க யாரக் கேக்கணும்?"

அவர் உள்ளே வந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் அவருக்குப் படிப்பு. அதன்பிறகு தினமும் வந்து செய்தித்தாளில் வானிலைச் செய்தியை விரல் வைத்துப் படித்துவிட்டுப் போவார். வாடைக்காற்று மாறப்போகிறதா என்று அதை வைத்து மற்றவர்களோடு வாக்குவாதம் செய்வார்.

நூலக வரி என்ற அந்த ஒரு வரியின் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது என்பதைப் பல வருடங்கள் கழித்து அக்காதான் எனக்குச் சொன்னார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது. 1948-ல் சென்னை மாகாணத்தில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்தது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு வேண்டும், அதற்குச் சொத்து வரியோடு சேர்த்து ஒரு வரி வசூலிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அரசாங்கம் மனம் வைத்தால் நூலகம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலைமை அதோடு மாறியது. ஊராட்சியோ நகராட்சியோ வசூலித்து ஆணைக்குழுவுக்குக் கட்டவேண்டிய பணம் அது. மாநிலத்தில் பல இடங்களில் நிலுவையில் கிடக்கிறது என்று அவ்வப்போது செய்தி வரும்போதெல்லாம் அக்காவுக்குக் கோபம் வரும். "அது பிச்சை இல்லப்பா, ஜனங்க கட்டுன காசு" என்பார். கோபத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதெல்லாம் இந்த விஷயத்தில்தான்.

அந்தச் சட்டத்துக்கு 1930-லேயே மாதிரி எழுதிக்கொடுத்தவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அக்காவின் மேசைக்கு மேலே அவருடைய படம் இருந்தது. நான் கணக்கு வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்தபோது அக்கா சிரித்துக்கொண்டே அந்தப் படத்தைக் காட்டினார். "இவரும் கணக்கு வாத்தியாருதான்." சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன கொஞ்ச நாளிலேயே அலுத்துவிட்டது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், பழைய வேலையையே கொடுத்துவிடுங்கள் என்று கல்லூரியில் போய்க் கேட்டார். முதலில் இங்கிலாந்துக்குப் போய் நூலகங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் வாத்தியார் வேலைக்கே வரலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே ஒரு கடையில் துண்டு துண்டான இரும்புப் பட்டைகளைத் திருகிச் சேர்த்து வண்டி, பாலம், கிரேன் என்று எதை வேண்டுமானாலும் செய்கிற மெக்கானோ பொம்மையைப் பார்த்ததும், புத்தகங்களுக்கும் இப்படித் துண்டுகளைச் சேர்த்து எண் கொடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்துதான் 1933-ல் கோலன் பகுப்புமுறை வந்தது. திரும்பி வந்தவர் வாத்தியார் வேலைக்குப் போகவே இல்லை.

ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளை நூலகப் படிப்பு படித்த எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பார்கள். புத்தகம் அடுக்கிவைப்பதற்கு அல்ல, எடுத்துப் படிப்பதற்கு என்பது முதலாவது. ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்ற வாசகர் உண்டு என்பவை அடுத்த இரண்டும். வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பதும் நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதும் மற்றவை. படிக்கும்போது எளிதாக இருக்கிறது. ஒரு கடற்கரை ஊரில் ஒற்றை ஆளாக இதைச் செய்வது எப்படி என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது விதியை எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் யாரும் தொடாமல் வருடக்கணக்கில் கிடக்கும் புத்தகங்களை அக்கா மாதம் ஒருமுறை எடுத்துத் தூசி தட்டி மேசைமேல் வைத்துக்கொள்வார். இது யாருக்கு என்று யோசிப்பார். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' அப்படி நெடுநாள் கிடந்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளோடு பழகி, அவர்கள் பாட்டைக் கேட்டு எழுதிய நாவல். வாலிநோக்கம் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்குக் கட்டிக்கொடுத்து வந்த பெண் ஒருத்தி, மகளின் பள்ளிப் புத்தகத்துக்காக நூலகத்துக்கு வந்தாள். பேச்சுவாக்கில் அவளுடைய அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர் என்று தெரிந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் அந்த நாவலை உறுப்பினர் அட்டையோடு சேர்த்து நீட்டினார். அந்தப் பெண் படித்து முடிக்க நாளாயிற்று. முடித்த பிறகு அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதற்காக மறுபடியும் எடுத்துக்கொண்டு போனாள். தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' எங்கள் தெருப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி அட்டை பிய்ந்துபோன கதையும் உண்டு. அதை முதலில் யாரிடம் கொடுத்தால் மற்றவர்களுக்குப் போகும் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. இது வாசிப்பில் மட்டும் வருகிற அறிவு இல்லை. ஊரையும் படித்திருக்க வேண்டும்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது 'நல்லா இருந்துச்சா' என்று அவர் கேட்க மாட்டார். "எங்க நிறுத்துன?" என்று கேட்பார். நன்றாக இருந்ததா என்றால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வோம். எங்கே நிறுத்தினாய் என்றால் உண்மையைச் சொல்லவேண்டி வரும். பாதியில் வைத்துவிட்டேன் என்று சொன்னால் அதில் அவருக்கு வருத்தமே இல்லை. எந்தப் பக்கத்தில், எதனால் என்று கேட்டுக்கொள்வார். அடுத்து என்ன கொடுப்பது என்பதற்கு அதுதான் அவருக்குத் துப்பு.

கடற்கரை நூலகத்தைப் பராமரிப்பது தனி வித்தை. உப்புக் காற்றில் இரும்பு அலமாரி துருப்பிடிக்கும், துரு புத்தக முதுகில் ஏறும். ஐப்பசி கார்த்திகையில் தாள் ஈரம் குடித்து உப்பிவிடும். ஈரத்துக்கு இராமபாணப் பூச்சி வரும், அட்டைப் பசைக்குக் கரையான் வரும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கவே விடமாட்டார் அக்கா. அரை அடி தள்ளித்தான் நிற்கும். கீழ்த்தட்டு எப்போதும் காலி. புத்தகத்தை நெருக்கி அடுக்குவதில்லை, ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். வசம்பைத் துணியில் முடிந்து தட்டுக்குத் தட்டு வைத்திருப்பார். நனைந்த புத்தகத்தை வெயிலில் காயப்போட ஓடிய ஒரு பையனைத் தடுத்து, பேன் காற்றில் நிறுத்திவைத்துத் தாளுக்குத் தாள் செய்தித்தாளைச் செருகிக் காயவைக்கக் கற்றுக்கொடுத்தார். வெயிலில் போட்டால் தாள் முறுகி ஒடிந்துவிடும். இவையெல்லாம் சின்ன விஷயங்கள் என்று தோன்றலாம். வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிற ஒருவர் முதல் மழைக்காலத்தில் இவை தெரியாமல் எத்தனை புத்தகத்தை இழப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

தலைப்பில் சொன்ன நோட்டுக்கு வருகிறேன்.

நூலகத்தில் அரசுப் பதிவேடுகள் பல உண்டு. நூல் வரவுக்கு ஒன்று, வாசகர் வருகைக்கு ஒன்று, இரவல் கொடுத்ததற்கு ஒன்று. ஆய்வுக்கு வருகிற அதிகாரி பார்ப்பது இவற்றைத்தான். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் போயிற்று என்பது அவற்றில் இருக்கும். வந்து கேட்டு, இல்லை என்று வெறுங்கையோடு போனவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள். அக்கா அவர்களுக்காகச் சொந்தக் காசில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். தேதி, யார் கேட்டது, என்ன கேட்டார்கள். ஒரு நோட்டு தீர்ந்தால் இன்னொன்று.

நான் அதைப் பலமுறை புரட்டியிருக்கிறேன். ஒரு ஊரின் மனசு அதில் இருந்தது. படகு இன்ஜின் பழுது பார்ப்பது எப்படி. பட்டா பெயர் மாற்றம். சவுதியில் டிரைவர் வேலைக்குப் போகிறவர் கேட்ட பேச்சு அரபிப் புத்தகம். பேச்சு வராத குழந்தைக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம். சர்க்கரை நோயாளி நோன்பு வைக்கும்போது மாத்திரையை எப்போது போடுவது. பஞ்சாங்கம். குரூப் 4 பொது அறிவு, குரூப் 4 பொது அறிவு, குரூப் 4 பொது அறிவு. பெண்பிள்ளைகள் மெதுவான குரலில் கேட்டு, அக்கா பெயரே எழுதாமல் குறித்துக்கொண்ட சில கேள்விகளும் உண்டு.

நோட்டில் எழுதியதோடு அவர் விட்டுவிடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை புதிய நூல்கள் கேட்டு எழுதும்போது அதைப் பார்த்துத்தான் எழுதுவார். புத்தகமே இல்லாத விஷயமென்றால் வேறு வழி தேடுவார். 2023 செப்டம்பரில் நம் மாவட்டத்தில் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியபோது, பாசி எடுக்கிற பெண்கள் நூலகத்துக்கு வந்து இது நமக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டார்கள். படிக்கத் தெரிந்த ஒருத்தி, தெரியாத நாலு பேர். அதைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகமும் நூலகத்தில் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கியது, 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகமே நம் மண்டபத்தில்தான் இருந்தது, இன்றும் அங்கே அதன் மையம் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறி மண்டபம் போய், மீனவர்களுக்காகத் தமிழில் அச்சடித்த துண்டுப் பிரசுரங்களைக் கேட்டு வாங்கி வந்தார். அடுத்த வாரம் அந்தப் பெண்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். நல்லதா கெட்டதா என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. "படிச்சதச் சொல்லிட்டேன். கடல் உங்களுக்குத்தான் தெரியும், நீங்க பேசிக்கங்க" என்றார். அரைமணி நேரம் நூலகத்தில் ஒரே சத்தம். அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் அவ்வளவு சத்தமும். அக்கா தடுக்கவே இல்லை.

வர முடியாதவர்களுக்கு அவரே கொண்டுபோனார். எங்கள் தெருவில் சில வீடுகளில் கல்யாணம் ஆன பெண்கள் கடைத்தெருப் பக்கம் வருவது குறைவு. வியாழக்கிழமை சாயங்காலம் நூலகத்தை மூடியபின் ஒரு ஜவுளிக்கடைப் பையில் பத்துப் பன்னிரண்டு புத்தகங்களோடு வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். இரவல் பதிவேட்டில் முறைப்படி எழுதி, உறுப்பினர் அட்டை போட்டுத்தான். 'எதுக்கு இந்தப் பாடு' என்று நான் கேட்டதற்கு மன்னார்குடிக் கதையைச் சொன்னார். 1931-ல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். "அப்ப மாடு கட்டிப் போனாங்க. எனக்கு ஷேர் ஆட்டோ இருக்கு, நடக்கக் காலும் இருக்கு." சில ஆண்டுகளுக்கு முன் தமிழக அரசு 'நூலக நண்பர்கள்' என்ற திட்டத்தில் தன்னார்வலர்களை வைத்து முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோகத் தொடங்கியபோது அக்காவுக்கு அத்தனை சந்தோஷம். தான் ஒற்றையாகச் செய்தது திட்டமாக வந்துவிட்டதே என்று. திட்டமானால் தான் இல்லாவிட்டாலும் நடக்கும் என்பதைத்தான் அவர் முதலில் சொன்னார்.

பிள்ளைகளுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்றுதான். ராமேஸ்வரத்துப் பையன் கலாமின் கதை. அதில் ஏவுகணை வராது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடுகிற ரயிலிலிருந்து வீசிய செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்க உறவுக்காரர் சம்சுதீனுக்கு உதவிய சிறுவன் வருவான். எஸ்.டி.ஆர்.மாணிக்கம் வருவார். தேசியவாதியான அவர் வீட்டில் நிறையப் புத்தகங்கள் வைத்திருந்தார், கலாம் அங்கே போய் இரவல் வாங்கிப் படித்தார். 'அக்னிச் சிறகுகள்' படித்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கலாமை எல்லாருக்கும் தெரியும், மாணிக்கத்தை எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டு, "கொடுத்தவுகளையும் ஞாபகம் வச்சுக்கங்க" என்பார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் பேசிக்கொண்டிருந்தபோதே கலாம் சரிந்து விழுந்து இறந்தார் என்ற செய்தி வந்தபின் அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வந்தார்கள். இருந்தது ஒரு பிரதி. அக்கா யாருக்கும் இரவல் கொடுக்காமல் மேசையில் வைத்து, சாயங்காலம் வந்தவர்களுக்கு மாற்றி மாற்றி வாசிக்கவைத்தார்.

மண்டபம் அகதிகள் முகாமில் சில காலம் இருந்துவிட்டு எங்கள் பக்கம் வந்து தங்கிய யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் தினமும் நூலகத்துக்கு வருவார். 'யாழ்ப்பாண வைபவமாலை' இருக்கிறதா என்று கேட்டார், இல்லை. அக்கா பல இடங்களில் சொல்லிவைத்து, ராமநாதபுரத்திலிருந்து வரவழைத்தார். புத்தகம் வந்த அன்று அவர் அதைத் திறக்கவில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ் நூலகம் எரிந்ததைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கிட்டத்தட்ட 97,000 புத்தகங்கள். அந்தத் தீயைத் தூரத்திலிருந்து பார்த்த தாவீது அடிகள் என்ற பன்மொழி அறிஞர் அதிர்ச்சியில் உயிர்விட்டார். அக்கா எதுவும் எழுதாமல், எழாமல், அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். மூடுகிற நேரம் தாண்டிவிட்டது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் அக்காவோடு ஒத்துப்போகவில்லை. ரங்கநாதன் இருபது வருடம் விடுப்பே எடுக்காமல் வேலை பார்த்தார் என்று சொல்வார்கள். அக்காவுக்கு அதில் பெருமை. தானும் எடுக்க மாட்டார். அவர் எடுத்தால் நூலகம் பூட்டிக் கிடக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் திரும்பிப் போகும் என்பது காரணம். ஒற்றை ஆள் நூலகங்கள் எல்லாவற்றிலும் இதுதான் நிலைமை. இறப்பதற்கு முந்தைய நாட்களில் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தாடை வலிக்கிறது, முதுகில் ஏதோ பிடித்த மாதிரி இருக்கிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். வாய்வு என்று ஓமத்தண்ணி குடித்துவிட்டு நூலகம் திறக்கப் போயிருக்கிறார். பெண்களுக்கு மாரடைப்பு சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்றில்லை, மேலே சொன்ன மாதிரியும் வரலாம் என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படி இருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள், அங்கே கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். எங்கள் ஊரில் எத்தனையோ பேருக்கு இன்னும் இது தெரியாது. யாராவது கேட்டிருந்தால் தனது நோட்டில் எழுதி, விவரம் தேடிக்கொண்டு வந்திருக்கக்கூடிய ஒருவருக்கே இப்படி ஆகிவிட்டது என்பதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

விடுப்பு எடுக்காமல் வேலை பார்ப்பதைப் பாராட்டுகிற பழக்கத்தை நாம் விடவேண்டும். மாற்றுக்கு ஆள் கொடுங்கள் என்று ஊர் சேர்ந்து கேட்டிருக்க வேண்டிய விஷயம் அது.

அக்காவின் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை எங்கள் ஊர் அடிக்கடி பார்த்ததில்லை. சுங்குடிச் சேலையும் துப்பட்டியும் ஒன்றாக நின்றன. அன்று கடலுக்குப் போகாதவர்கள் இருந்தார்கள். போலீஸ் சீருடையில் வந்து நின்ற ஒரு பெண், குரூப் 4-க்குக் கேட்டு அந்த நோட்டில் பெயர் எழுதப்பட்டவர்களில் ஒருத்தி. எல்லோரும் அவரவர் படித்த புத்தகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதைக் கொடுத்தார், எனக்கு அதைக் கொடுத்தார் என்று.

வாசகர் வட்டத்தில் பேசி மூன்று காரியங்களை முடிவு செய்திருக்கிறோம். நூலகத்துக்கு முழுநேர நூலகரை நிரப்பக் கேட்டு ஊர்ப் பெரியவர்கள், ஜமாத், மீனவர் சங்கம் எல்லோர் கையெழுத்தோடும் மனு கொடுக்கிறோம். இப்போதைக்கு வேறு ஊர் நூலகர் ஒருவர் கூடுதல் பொறுப்பில் வருகிறார், நல்ல மனிதர், தன் நூலகத்தையும் இதையும் சேர்த்துப் பார்க்கிறார். அவருக்கு ஒத்தாசையாக இருக்க நாலு பிள்ளைகள் முறைபோட்டுப் போகிறார்கள். அடுத்து, ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அக்கா பெயரில் ஏதாவது செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், சிலை, கல்வெட்டு எல்லாம் வேண்டாம், இதைச் செய்யுங்கள்.

மூன்றாவது அந்த நோட்டுகள். வீட்டாரிடம் கேட்டதற்கு, அது நூலகத்துக்குத்தானே சொந்தம் என்று சொல்லி அவருடைய தம்பி ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டு, கேட்ட விஷயங்களை மட்டும் ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டிருக்கிறோம். இன்னும் கிடைக்காத புத்தகங்கள் அதில் நிறைய இருக்கின்றன. பேச்சு வராத குழந்தைகளுக்கான பயிற்சி, படகு இன்ஜின், கடலோர நிலச் சட்டம், தமிழ் வழியாக அரபி என்று இவற்றில் எதற்காவது நல்ல தமிழ்ப் புத்தகம் உங்களுக்குத் தெரிந்தால் பெயரை எழுதி அனுப்புங்கள். புதிதாக வருகிற நூலகரிடம் அந்தப் பட்டியலையும் எழுதாத ஒரு புது நோட்டையும் கொடுக்கப்போகிறோம்.